எப்படியும் பெயின்டிங்குக்குப் பிடிக்கத்தானே போகிறார்கள், ஆணி அடித்தால் என்ன?

பெங்களூர் சி.வி. ராமன் நகரிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கணவன், மனைவி, யு.கே.ஜி. படிக்கும் மகள். 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி, வாடகை 24,000, டெபாசிட் 1,50,000. ஓனர் மைசூரில் இருக்கும் ரிட்டயர்டு மனிதர், தொந்தரவு இல்லாதவர், வருடத்துக்கு ஒரு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போவார். அக்ரிமென்ட் கணவர் பெயரில், 11 மாதத்துக்குப் போட்டது. அது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, யாரும் புதுப்பிக்கவில்லை, வாடகை மட்டும் ஒன்றாம் தேதியானால் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வருடம் மாமியார், "இனிமே என்னால படி கட்டி இறக்க முடியாதும்மா, நீயே வெச்சுக்கோ" என்று கொலு பொம்மைகளை இரண்டு ட்ரங்குப் பெட்டியில் கொடுத்தனுப்பிவிட்டார். அதிலிருந்து ஆரம்பித்த ஆசை இப்போது தை மாதம் வரை நீண்டிருக்கிறது. நவராத்திரிக்கு ஹாலில் ஒரு சுவர் முழுக்க அரக்கு நிற பெயின்ட், அதன்மேல் தங்க நிறத்தில் ஸ்டென்சில். தீபாவளிக்கு பால்கனியிலும் வெளி வராந்தாவிலும் சீரியல் லைட். கார்த்திகைக்கு வாசல் பக்கச் சுவரைக் குடைந்து ஒரு விளக்கு மாடம். மார்கழிக்கு வாசல் கிரானைட்டில் வெள்ளை எனாமல் கோலம். பொங்கலுக்கு பால்கனி கம்பியில் கரும்பு. எல்லாம் தன் கையால், எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள்.

கணவர் "டெபாசிட் போயிடும், சும்மா இரு" என்கிறார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசகி தன் பெயரில் எடுத்து வைத்திருந்த பழைய வீட்டைக் காலி செய்தபோது, நாலு ஆணி ஓட்டைக்கும் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஒரு டைல்ஸுக்கும் சேர்த்து அந்த ஓனர் 38,000 பிடித்துக்கொண்டாராம். ஆனால் வாசகியின் வாதம் வேறு: "மேடம், இந்த அக்ரிமென்ட்லயே பெயின்டிங், க்ளீனிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்போம்னு போட்டிருக்கு. எப்படியும் பிடிக்கத்தானே போறாங்க, அப்புறம் ஆணி அடிச்சா என்ன, கலர் அடிச்சா என்ன? ஆணி அடிக்கக் கூடாதுன்னும் ஒரு வரி இருக்கு, ஆனா அக்ரிமென்ட்டே ரிஜிஸ்டர் பண்ணலையே, அது செல்லுமா? நம்ம ஊர்ல மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்கே, அதைச் சொல்லி மீதியைக் கேட்கலாமா?"

உங்களுக்கே எழுதுகிறேன் இனி. கொலு வைக்கிற வீட்டுப் பெண் என்பதால் எனக்கு உங்கள் பக்கம் சாய்வு உண்டு, 14 வருடம் இதே ஊரில் வாடகை வீட்டில் படி கட்டியவள் நான். அதனால்தான் சில இடங்களில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லப் போகிறேன்.

பெயின்டிங் கணக்கு

பெங்களூரில் வாடகைக்கு இருக்கும் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள். காசு பிடிக்கிறார்கள், ஆகவே சுவர் நம்முடையது என்று. அது அப்படி வேலை செய்யாது.

1882-ஆம் வருடத்து சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன் 108-வது பிரிவுதான் வாடகைக்காரர், ஓனர் இருவரின் கடமைகளையும் சொல்கிறது. வீட்டை எப்படி வாங்கினீர்களோ அந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் போக, என்பது அதில் ஒன்று. மூன்று வருடம் ஒரு குடும்பம் புழங்கினால் பெயின்ட் மங்கும், சோபா உரசும், சுவிட்சைச் சுற்றி கை அழுக்குப் படியும். இதெல்லாம் தேய்மானம். அக்ரிமென்ட்டில் ஒன்றும் எழுதாமல் இருந்திருந்தால் இதற்கு ஓனர் உங்களிடம் பைசா கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவு ஆரம்பிக்கும்போதே, ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ வேறு மாதிரி இல்லாத பட்சத்தில், என்றுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் கணவர் ஒரு மாத வாடகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். சரி, அந்த 24,000 போனது போனதுதான், அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

அந்தத் தொகை எதற்கு என்பதுதான் விஷயம். சும்மா குடியிருந்தாலே மங்கிப் போகிற பெயின்ட்டுக்கான காசு அது. சுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதற்கான கட்டணம் என்று அதை எடுத்துக்கொள்வது, சத்திரத்தில் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாச்சு என்று தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி. ஆணி அடித்து பூச்சு உதிர்ந்தால் அது பெயின்ட் வேலை இல்லை, பூச்சு வேலை. அரக்கு நிறத்தின்மேல் வெள்ளையடிக்க பெயின்டர் முதலில் ப்ரைமர் கேட்பார், அப்புறமும் இரண்டு கோட்டில் அரக்கு எட்டிப் பார்க்கும், மூன்றாவது கேட்பார். இந்தக் கூடுதல் செலவைத் தேய்மானம் என்று எந்த நீதிபதி முன்னாலும் என்னால் வாதாட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது உங்களுக்குச் சாதகம். பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்த பிறகு, "சுவர் அழுக்கா இருக்கு, டச்-அப் செலவு" என்று அதே சுவருக்கு இன்னொரு பில் போட்டால் அது ஒரே வேலைக்கு இரண்டு கூலி. அங்கே நீங்கள் நின்று பேசலாம், பேச வேண்டும்.

சுவரை அழகாக்கினால் ஓனருக்குத்தானே லாபம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ரசனைக்கு அரக்கும் தங்கமும் லட்சுமி கடாட்சம், அடுத்து வரப்போகிற வாடகைக்காரருக்கு அது கல்யாண மண்டபம். கேட்காமல் செய்த அலங்காரத்துக்குச் செலவுத் தொகையை ஓனரிடம் கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு இல்லை. ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் அவர் நியாயமான காலத்தில் செய்யாமல் விட்டால், நீங்கள் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள அதே 108-ல் வழி இருக்கிறது. ஒழுகும் குழாய்க்கு அது பொருந்தும், ஸ்டென்சிலுக்குப் பொருந்தாது.

எந்தச் சட்டம், எந்த அக்ரிமென்ட்

மூன்று மாத வாடகை என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அது தமிழ்நாட்டின் 2017-ஆம் வருடச் சட்டம், ஓசூர் செக்போஸ்ட்டோடு நின்றுவிடும். அதிலுமே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த வரம்பு. மத்திய அரசு 2021-ல் ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது, அதில் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் டெபாசிட். ஆனால் பெயரே சொல்கிறபடி அது மாதிரிதான், ஒரு மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அங்கே செல்லும். கர்நாடகாவுக்கென்று 1999 வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது, பெங்களூரில் அது மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு மேல் உள்ள வீடுகளுக்குப் பொருந்தாது. இன்றைய பெங்களூரில் அந்த வாடகைக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆக உங்களுக்கு இருப்பது அந்தப் பழைய 1882 சட்டமும், கையெழுத்துப் போட்ட தாளும்தான்.

அந்தத் தாள் செல்லும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைத்தான் ரிஜிஸ்டர் செய்தாக வேண்டும், ஊரே 11 மாதத்துக்கு எழுதிக்கொள்வது அதற்காகத்தான். தவிரவும், ஆணி அடிக்காதே என்ற வரி செல்லாது, டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி மட்டும் செல்லும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க முடியாது அல்லவா.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஆணியும் இல்லை, அரக்கு பெயின்டும் இல்லை. ஐந்து மாதமாக அக்ரிமென்ட் இல்லை என்று நடுவில் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்களே, அதுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓனர் வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், 116-வது பிரிவுப்படி அது மாதா மாதம் ஓடுகிற குடித்தனமாகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அப்படிப்பட்ட குடித்தனத்தை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும், 106-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பழைய அக்ரிமென்ட்டில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தால் அதுவே தொடர்கிறது என்று நான் வாதாடுவேன், அவருடைய வக்கீல் இல்லை என்று வாதாடுவார். நோட்டீஸ் வந்த மறுநாளே யாரும் உங்களைத் தெருவில் நிறுத்த முடியாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனாலும் காபி குடித்துவிட்டுப் போகிற மனிதர், வாசல் சுவரில் ஒரு குழியைப் பார்த்த பிறகும் அதே மனிதராக இருப்பார் என்று நம்பி 8,000 ரூபாயை இறக்காதீர்கள்.

ஆகவே படி கட்டுவதற்கு முன்னால் தாளைப் புதுப்பியுங்கள். இந்தத் தடவை உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், இப்போது அந்த வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் கையெழுத்தில்லாத ஆள். பண்டிகைக் காலங்களில் கழற்றி எடுக்கக்கூடிய அலங்காரம் செய்துகொள்ளலாம், காலி செய்யும்போது பழைய நிலையில் விட வேண்டும், என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பெரும்பாலான ஓனர்கள் மறுக்க மாட்டார்கள். அவர்கள் பயப்படுவது ஆணிக்கும் குடைதலுக்கும்தான்.

நேரில் சொன்னேன், போனில் தலையாட்டினார் என்பதெல்லாம் காலி செய்யும் நாளில் காற்றில் போய்விடும். வாட்ஸ்அப்பில் கேளுங்கள். இப்படிச் சுருக்கமாகப் போதும்: "சார், இந்த வருடம் நம் வீட்டில் கொலு வைக்கிறோம். ஹால் கர்ட்டன் ராடுக்கு மேலே இரண்டு கொக்கி மட்டும் மாட்டிக்கொள்ளட்டுமா? காலி செய்யும்போது ஓட்டையை பட்டி வைத்து அடைத்துத் தருகிறோம். படம் அனுப்பியிருக்கிறேன். நீங்களும் மேடமும் அவசியம் தாம்பூலத்துக்கு வர வேண்டும்." அவர் அனுப்பும் ஒரு "ஓகே" பின்னால் சாட்சியமாகும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்யலாம், அதற்கு அந்தச் செய்தி உங்கள் போனில் இருக்க வேண்டும், ஆகவே சாட்டை அழிக்காதீர்கள். கூடவே இன்றைக்கே ஒவ்வொரு அறையையும், குறிப்பாகத் தரையையும் பாத்ரூம் டைல்ஸையும், வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள். பழைய வீட்டில் அந்த விரிசல் விட்ட டைல்ஸுக்கு இது ஒன்றுதான் இல்லாமல் போனது.

கழற்ற முடிகிறதா, அதுதான் அளவுகோல்

108-வது பிரிவில் வாடகைக்காரருக்கு ஒரு நல்ல வரியும் இருக்கிறது. இடத்தோடு சேர்த்து நீங்கள் பொருத்தியவற்றை, வீடு உங்கள் வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பழைய நிலையில் விட்டால் போதும். சாவியைக் கொடுத்த பிறகு அந்த உரிமை கிடையாது. பண்டிகை அலங்காரத்துக்கென்றே எழுதி வைத்த மாதிரி இல்லை? கொலுவே பத்து நாளில் இறக்குவது, தோரணம் காய்ந்தால் போகிறது, கரும்பு மூன்றாம் நாள் பிள்ளைகள் வாயில். நீங்கள் போட்ட பட்டியலில் தங்கிவிடுகிற சமாசாரம் மூன்றுதான்: அரக்குச் சுவர், மாடம், எனாமல் கோலம். மூன்றுக்கும் வேறு வழி உண்டு, மூன்றுமே செலவு குறைவு.

அரக்குச் சுவர். உங்களிடமோ மாமியாரிடமோ கட்டிக் கிழிந்த அரக்கு பட்டுப்புடவை ஒன்று நிச்சயம் இருக்கும். பிளம்பிங் கடையில் முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பும் அதை இணைக்கிற எல்போ, டீ மூட்டுகள் நாலைந்தும் வாங்கி, பெரிய கதவு நிலை மாதிரி ஒரு சட்டம் செய்து, கீழே அகலமாகப் பாதம் வைத்து நிறுத்துங்கள். பசை போடாமல் வெறுமனே சொருகினால் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடலாம். புடவையை அதில் கொசுவி மாட்டினால் ஜரிகை பார்டர் தானாக ஸ்டென்சில் வேலையைச் செய்யும். எனக்கு இது ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, ஏழு வருடமாக அதே சட்டம். வரலட்சுமி நோன்புக்கு அதுவே பின்னணி, பிள்ளை பிறந்தநாளுக்கும் அதுவே, புடவைதான் மாறும்.

படிக்கு ட்ரங்குப் பெட்டி இரண்டு வந்தே இருக்கிறதே, அதுதான் முதல் படி. அதற்கு மேல் புத்தகம் அடைத்த அட்டைப்பெட்டிகள், காலி அட்டைப்பெட்டி வேண்டாம், களிமண் பொம்மை கனம் தாங்காமல் நவமி அன்றைக்குத் தசாவதாரம் மொத்தமும் சரியும். மூன்று படி போதும், ஐந்து என்றால் தாராளம். மேலே வெள்ளை வேட்டி. புதுப் பொம்மை ஒன்று வாங்குவது வழக்கம் என்பதால், மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம், அங்கே மரத்தைக் கடைந்து அரக்குப் பூசிச் செய்யும் சின்ன பொம்மைகள் கிடைக்கும், மகள் விளையாடினாலும் உடையாது. ஊருக்குள்ளேயே என்றால் காந்தி பஜாரோ மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸோ. கன்னடக்காரர்களும் தசராவுக்கு பொம்பே வைப்பவர்கள், சாமான் எதுவும் தேட வேண்டியிருக்காது. பூவை மட்டும் கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் வாங்குங்கள், எட்டு மணிக்குமேல் அதே சாமந்தி உங்கள் தெருமுனைக்கு வந்து விலையும் ஏறியிருக்கும்.

ஒட்டும் கொக்கிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓட்டை போடாது என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், ஆனால் மலிவான டிஸ்டெம்பர் அடித்த சுவரில் கொக்கியை இழுத்தால் பெயின்ட் தோலோடு உரிந்து வரும். கதவுக்குப் பின்னால் ஒன்றை ஒட்டி ஒரு வாரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது ஹேர் ட்ரையரில் சூடு காட்டி, நம் பக்கம் இழுக்காமல் சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஸ்டிக்கர் வால்பேப்பர் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் அடிக்கிற சுவரில் அதன் அடியில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போகும், கடைசியில் ஓதத்துக்கும் உங்களையே காரணம் காட்டுவார்கள்.

விளக்கு மாடம். இதை மட்டும் யார் அனுமதி கொடுத்தாலும் செய்யாதீர்கள், ஓனரே சரி என்றாலும்கூட. இப்போது கட்டுகிற பல அபார்ட்மென்ட்களில் சுவரே கான்கிரீட், கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது அதுதான். செங்கல் சுவராக இருந்தாலும் உள்ளே வயரோ குழாயோ எங்கே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கட்டடத்துக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிற கடமை, இதற்கு டெபாசிட்டோடு முடியாமல் நஷ்ட ஈடு வரை போகலாம். கும்பகோணத்து வீட்டு மாடம் உங்கள் கண்ணில் நிற்கிறது, புரிகிறது. பென்சன் டவுனை ஒட்டிய பாட்டரி டவுனில் குயவர்களிடம் சொன்னால் மாடம் போலவே சுட்ட மண்ணில் செய்தது கிடைக்கும், ஜன்னல் திட்டில் உட்கார வைத்துவிடலாம். அகலும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அகலுக்கும் அடியில் ஒரு தட்டோ வாழை இலைத் துண்டோ அவசியம், நல்லெண்ணெய் மார்பிளிலும் பாலிஷ் போன கிரானைட்டிலும் இறங்கினால் அந்தக் கறை போகாது. நான் பார்த்த டெபாசிட் சண்டைகளில் ஆணிக்கு அடுத்தபடி எண்ணெய்க் கறைதான்.

எனாமல் கோலம். அபார்ட்மென்ட்டில் வாசலுக்கு வெளியே இருக்கிற அந்த ரெண்டடி உங்கள் ஓனருடையதும் இல்லை, பெரும்பாலும் பொது இடம். வாசற்படி கிரானைட் அவருடையது, அதில் எனாமல் ஏறினால் தின்னர் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் கல்லின் பளபளப்பும் சேர்ந்து போகும். கல் கடைக்குப் போய் ஒன்றரை அடிச் சதுரத்தில் கறுப்புக் கடப்பாக் கல்லோ வெட்டி மீந்த கிரானைட் துண்டோ கேளுங்கள், மிச்சத் துண்டு என்றால் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். ஓரத்தை மட்டும் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெள்ளை எனாமலில் ஆசை தீர சிக்குக் கோலம் போட்டு, காய்ந்ததும் வாசலில் உள்பக்கமாக வையுங்கள். பின்பக்கம் நாலு மூலையில் ரப்பர் ஒட்ட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வழுக்கும், டைல்ஸும் கீறும். வீடு மாறினால் கோலமும் உங்களோடு வரும். மார்கழிக்கு மட்டும் விடியற்காலையில் எழுந்து அரிசி மாவில் போடுங்கள், எறும்புக்கும் ஏதாவது கிடைக்கட்டுமே.

வராந்தா விளக்கு

பால்கனி உங்கள் வசம், வராந்தா எல்லோருடையது. 1972-ஆம் வருட கர்நாடக அபார்ட்மென்ட் சட்டப்படி பொது இடங்கள் எல்லா ஓனர்களுக்கும் பிரிக்கப்படாத பங்கு, அபார்ட்மென்ட் சங்கத்தின் விதிகளுக்குள் வாடகைக்காரர் அதைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். நெருப்புப் பிடித்தால் ஓட வேண்டிய வழி அது. செருப்பு ஸ்டாண்டும் பூந்தொட்டியும் எடுக்கச் சொல்லி செக்ரட்டரி சண்டை போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த விஷயத்தில் நான் செக்ரட்டரி பக்கம். வராந்தா ப்ளக்கிலிருந்து லைட்டுக்கு கரன்ட் எடுத்தால் அது சங்கத்தின் மீட்டர், கேட்காமல் செய்யாதீர்கள். தளத்தில் உள்ள மற்ற குடும்பங்களோடு சேர்ந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் தீபாவளிக்கு மூன்று நாள் விளக்குக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, செலவும் பங்காகிவிடும்.

பால்கனிக்கு வெளிப்புறத்துக்கென்றே செய்த சீரியல் செட் வாங்குங்கள், எஸ்.பி. ரோட்டில் மலிவு. ஐப்பசி மழை தீபாவளி என்று பார்க்காது. ப்ளக் பாயின்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், வயரைக் கதவு இடுக்கில் நசுக்காதீர்கள். அஜாக்கிரதையால் தீப்பிடித்தால் பொறுப்பு வாடகைக்காரர் தலையில்தான் விழும், மேல்மாடி வீட்டுச் சேதமும் சேர்ந்து. கரும்புக்குச் சணல் கயிறு, இரும்புக் கம்பி போட்டு முறுக்கினால் கிரில் பெயின்ட் போகும். அவ்வளவுதான்.

பழைய வீட்டின் 38,000

இதைக் கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் அவசரம். காலி செய்து இரண்டரை வருடம் ஆகிறது என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக உள்ள மூன்று வருடத்தில் ஆறு மாதம்தான் பாக்கி. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நிற்காது. அந்த ஓனர் பணம் தர வேண்டியிருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணலாம், பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள்.

முழு 38,000-மும் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். நாலு ஓட்டையை அடைக்கிற கூலியை எந்த நடுவரும் அவருக்குத்தான் கொடுப்பார். ஆனால் நாலு ஓட்டைக்கு அந்தத் தொகை ஆகாது. பில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இது வரை கேட்டதாகத் தெரியவில்லை. போலீஸுக்குப் போகாதீர்கள், இது சிவில் தகராறு, அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். நேரே சிவில் கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம், ஆனால் எத்தனை வாய்தா என்று நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அந்த அக்ரிமென்ட் உங்கள் பெயரில் இருந்தது நல்லதாகப் போயிற்று. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போய் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு ஒரு மனு கொடுங்கள். அந்த ஓனரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஒத்துப் போனால் லோக் அதாலத்தில் தீர்ப்பாகப் பதிவாகும், கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும், அப்பீலும் கிடையாது. அவர் வராமல் இழுத்தடித்தால் ஆறு மாதம் தாண்டுவதற்குள் வழக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதை அங்கே முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாவி கொடுத்த தேதி, டெபாசிட் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட், பிடித்ததாக அவர் அனுப்பிய கணக்கு, மூன்றையும் எடுத்துப் போங்கள்.

மரப்பாச்சியின் கை ஒடிந்து வந்திருக்கிறது, மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை. மரத்துக்குப் போடுகிற ஃபெவிகால் தொட்டுப் பொருத்தி, நூலால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள், காலையில் பட்டுத் துணியில் கை நீளமாக ரவிக்கை தைத்துப் போடுங்கள். அப்புறம் மாமியாரிடம் சொல்லியும்விடுங்கள், அந்த வீட்டில் அதன் கை ஏற்கெனவே ஒரு தடவை ஒடிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.